மருத்துவமாதுவின் வீட்டுக்கு யார் போவது?

இலங்கையில் ஒரு பெண் கர்ப்பமுற்றால், அந்தச் செய்தி மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னரே சிலவேளை அந்தப் பகுதி மருத்துவமாதுவின் காதுக்குப் போய்விடும். எட்டு வாரங்களுக்குள் அவளைப் பதிய வேண்டும். 'எச் 512' என்று எல்லோரும் சொல்கிற கர்ப்பகாலப் பதிவேட்டை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். போலிக் அமில வில்லை, பிறகு இரும்புச்சத்து வில்லை, திரிபோஷா, இரத்தப் பரிசோதனை, கிளினிக் திகதி என்று வேலை தொடரும். இடையிடையே வீட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த பின்னர் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை, 14 முதல் 21 நாட்களுக்குள் ஒரு தடவை, 42ஆம் நாளை அண்டி இன்னொரு தடவை. படலை பூட்டியிருந்தாலும் நாய் நின்றாலும் மழை பெய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அந்த மருத்துவமாதுவே கர்ப்பமுற்றால் அவருடைய வீட்டுக்கு யார் போவது?

இந்தக் கேள்வியைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மாவட்டங்களில் ஏழு பேரிடம் கேட்டேன். ஐந்து பேர் வெளிக்களத்தில் வேலை செய்பவர்கள் (பதவிப் பெயர் 'குடும்பநல உத்தியோகத்தர்' என்று இருந்தாலும் சனத்துக்கு அவர்கள் இன்னும் 'மிட்வைப்'தான்). மற்ற இருவர் வைத்தியசாலைப் பிரசவ அறையில் கடமையாற்றுபவர்கள். அரச உத்தியோகத்தர்கள் அனுமதியில்லாமல் ஊடகங்களுக்குக் கதைக்க முடியாது என்பதால் பெயர்களையும் பிரிவுகளையும் இங்கே எழுதவில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்கள்.

"ஆர் வாறது? எங்கட வீட்டுக்கு நாங்கள்தான் போறம்" என்றார் கிளிநொச்சியைச் சேர்ந்த ஒருவர். வயது 34, இரண்டு பிள்ளைகளின் தாய்.

கடதாசியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் உள்ள பகுதி பல மருத்துவமாதுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிவில் ஏறத்தாழ 3,000 பேர் என்பது நாடு முழுவதற்குமான பொதுக்கணக்கு. மருத்துவமாதுவும் ஒரு பிரிவில் குடியிருப்பவர்தானே? அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானவர் அவரைப் பதிந்து பராமரிக்க வேண்டும். ஆனால் சொந்தப் பிரிவிலேயே குடியிருந்து வேலை செய்கிறவருக்கு அந்தப் 'பொறுப்பானவர்' அவரேதான். அப்படியான இடத்தில் பக்கத்துப் பிரிவுக்காரர் பார்க்க வேண்டும். வன்னியில் அந்தப் பக்கத்துப் பிரிவுக்காரர் ஏற்கனவே ஆளில்லாத இன்னொரு பிரிவுக்கும் பதில் கடமை பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே சனத்தொகை ஐதானது, அதனால் 3,000 பேர் என்ற கணக்கு யாழ்ப்பாணத்தில் சில ஒழுங்கைகளுக்குள் அடங்கிவிடும், முல்லைத்தீவிலோ குளங்களையும் காட்டையும் தாண்டிப் போகும். கிரவல் வீதியில் ஸ்கூட்டியில் போய்வரும் ஒருவரிடம், 'என்னையும் ஒருக்கா வந்து பாருங்கோ' என்று கேட்க மனம் வருமா?

"என்ர எச் 512 ஐ எழுதினது நான்தான்" என்றார் அந்தக் கிளிநொச்சிக்காரர். "உயரம், நிறை, கடைசி மாதவிடாய்த் திகதி எல்லாம் எழுதியாச்சு. அபாயக் காரணி எழுதுற இடத்தில பேனை நிண்டிட்டுது. எனக்கு முதல் ஒண்டு கலைஞ்சது. ஒப்பீசில ஒருத்தருக்கும் தெரியாது. வேற ஒரு தாய் அதை மறைச்சிருந்தா நான் பேசியிருப்பன். என்ர அட்டையில எழுதாமல் விட்டிட்டன்."

வயிற்றின் உயரத்தைத் தன் கையால் தானே அளக்க முடியாது. அதைத் திரிபோஷா பொதிகள் அடுக்கியிருந்த களஞ்சிய அறையில் வைத்து, கூட வேலை செய்யும் ஒருவர் இரண்டு தடவை அளந்து விட்டிருக்கிறார். எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. ஸ்கூட்டி ஓடி வந்த வீக்கம் என்று அவர் நினைத்தார். தலையிடிக்குப் பனடோல் போட்டார். மாதாந்தக் கூட்டத்துக்குப் போனபோது, அருகில் இருந்த மூத்த சகோதரி ஒருவர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் நடுவிலேயே எழுப்பிக்கொண்டு போய்ப் பிரசர் பார்த்திருக்கிறார். 160க்கு 110.

கர்ப்பகால உயர் குருதியமுக்கம் பற்றி இந்த இடத்தில் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை வாசிக்கும் வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கக்கூடும். இருபது வாரங்களுக்குப் பிறகு பிரசர் 140க்கு 90 ஐ எட்டினால் அது கவனிக்கப்பட வேண்டியது. அதனுடன் சிறுநீரில் புரதமும் போனால் அது வேறு நிலை. தாங்க முடியாத தலையிடி, கண் மங்குதல், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் வீங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் இறக்கலாம். 160க்கு 110 என்பது வீட்டுக்குப் போய் ஆறுதல் எடுக்கச் சொல்லும் அளவு அல்ல, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அளவு. இந்த அறிகுறிகள் அத்தனையையும் ஒவ்வொரு கிளினிக்கிலும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பவர் அவர். 35ஆம் வாரத்தில் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளையை எடுத்தார்கள். இருவரும் தப்பினார்கள்.

இதை அவருடைய கவலையீனம் என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்றவரின் உடலில் எந்த மாற்றத்தையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழக்கப்பட்ட கண், சொந்த உடலில் அதையே 'வேலைக் களைப்பு' என்று வாசித்துவிடும். அதனால்தான் இந்த முறைமையே இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புகிறது. மருத்துவமாதுவுக்கு மட்டும் அந்த இன்னொருவர் இல்லாமல் போகிறார்.

ஒரு நூற்றாண்டுக் கணக்கு

1930களின் முற்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். இன்று அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. கொழும்பில் 1879இல் தொடங்கிய டி சொய்சா பிரசவ விடுதியும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவும், மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் இதற்குக் காரணங்கள். ஆனாலும் வீடு வீடாக நடந்து போன இந்தப் பெண்கள் இல்லாமல் அந்தக் கோடு இவ்வளவு கீழே இறங்கியிருக்காது என்பதை உலக வங்கியின் ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவிச்சியைக் கூப்பிட்டு வீட்டில் பெற்ற எங்கள் பேத்திமாரின் காலத்திலிருந்து, ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்கும் காலத்துக்கு வந்தது இவர்களின் சைக்கிள்களில்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பிரிவில் ஒரு தாய் இறந்தால், அது இன்று தேசிய மட்டம் வரை போகும் விடயம். பதிவேடுகள் எல்லாம் மேசைக்கு வரும். எத்தனையாம் வாரத்தில் பதிந்தீர்கள், எத்தனை தடவை வீட்டுக்குப் போனீர்கள், ஏன் அந்தத் திகதியில் போகவில்லை என்று கேட்கப்படும். மரணத்தின் காரணத்தை அறிந்து அடுத்ததைத் தடுப்பதுதான் இந்த மீளாய்வின் நோக்கம், ஆளைத் தண்டிப்பது அல்ல. ஆனால் ஏழு மாத வயிற்றோடு அந்த மேசைக்கு முன்னால் நின்ற ஒருவர் சொன்னது வேறு: "செத்தவவும் நானும் ஒரே கிழமையில பதிஞ்சனாங்கள். அவவின்ர அட்டையை அவை வாசிக்க வாசிக்க, எனக்கு என்ர அட்டையை வாசிக்கிற மாதிரி இருந்தது." அன்று பின்னேரம் அவர் அந்த வீட்டுக்கும் போனார். பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசித் திகதி இருந்தது.

2009இன் அட்டை

முல்லைத்தீவில் நான் சந்தித்தவர் போர்க்காலத்தில் நியமனம் பெற்ற உத்தியோகத்தர் அல்ல, சுகாதாரத் தொண்டர். வன்னியில் அப்போது தகைமை பெற்ற மருத்துவமாதுக்கள் மிகக் குறைவு. இடைவெளியை நிரப்பியவர்கள் குறுகிய பயிற்சி பெற்ற தொண்டர்களே. போருக்குப் பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்கில் வீதியில் நின்ற சுகாதாரத் தொண்டர்களைப் பற்றிய செய்திகள் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2008 நடுப்பகுதியில் அவர் கர்ப்பமுற்றபோது கிளிநொச்சியில் இருந்தார். பிறகு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம். வைத்தியசாலையும் சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்து கொண்டிருந்தது. கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்கும் பின்னர் உடையார்கட்டுக்கும் போனது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 பெப்ரவரி முதல் வாரத்தில், மீண்டும் மீண்டும் எறிகணை விழுந்த பிறகு கைவிடப்பட்டது. அடுத்தது புதுமாத்தளன் பாடசாலைக் கட்டிடம். பெப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் அங்கிருந்து காயக்காரரை ஏற்றத் தொடங்கியது. எட்டு மாத வயிற்றோடு, காயமில்லாமல் நின்றவருக்கு அதில் இடம் கேட்கத் தோன்றவில்லை.

"எனக்கு நாள் கிட்டின கிழமையில ரெண்டு பிள்ளையள் பிறக்கப் பண்ணினனான்" என்றார். "ஒண்டு பங்கருக்குள்ள. நிமிர ஏலாது. முழங்காலில நிண்டுதான் பிள்ளையை ஏந்தினது. என்ர வயிறு அந்த அக்காவின்ர காலில முட்டுது. அவ அந்த நோவுக்குள்ளயும் 'நீ கவனம் பிள்ளை' எண்டு எனக்குச் சொல்லுறா."

மார்ச் மாதக் கடைசியில் அவருடைய மகன் மாத்தளனில் ஒரு தரப்பாள் கொட்டிலுக்குள் பிறந்தான். பிரசவம் பார்த்தது அவரோடு பயிற்சி எடுத்த இன்னொரு தொண்டர். சவர அலகைக் கொதிக்க வைக்க விறகில்லை, சீலைத் துண்டை எரித்துத் தண்ணீர் சுடவைத்ததாகச் சொன்னார். நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று தானே எழும்பி இருந்து பார்த்திருக்கிறார். கூட நின்ற பிள்ளை அழுதுகொண்டு நின்றதால், கர்ப்பப்பை இறுகுகிறதா என்று தன் வயிற்றைத் தானே அழுத்திப் பார்த்ததாகவும் சொன்னார். இரத்தம் கட்டுப்படாமல் ஓடியிருந்தால் அங்கே அதற்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "தெரியாத சனம் கடவுளைக் கும்பிட்டுது. நான் நிமிசம் எண்ணிக்கொண்டு கிடந்தன்."

பால்மா இல்லாத அந்த இடத்தில் அவருக்குக் கைகொடுத்தது தொழில் அறிவு. கஞ்சி மட்டும் குடித்தாலும் பால் சுரக்கும், பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும் என்று தெரிந்திருந்ததால் பக்கத்துத் தரப்பாள்களில் இருந்த தாய்மாருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பயத்தில் பால் வற்றிவிட்டதாக நம்பிய இருவரை மீண்டும் பால் கொடுக்க வைத்ததை, வேறு எதையும் விடப் பெருமையோடு சொன்னார்.

இடம்பெயர்ந்த அத்தனை இடங்களிலும் ஒரு பொலித்தீன் பையை அவர் கைவிடவில்லை. அடையாள அட்டை, காணி உறுதியின் பிரதி, அதோடு அவர் தன் கையால் எழுதிய தன்னுடைய கர்ப்பகால அட்டை. பிறந்த திகதியையும் நேரத்தையும் அதன் பின்பக்கத்தில் எழுதி, பிரசவம் பார்த்த தோழியிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறார். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பிள்ளையின் பிறப்பைப் பதியப் போனபோது அவரிடம் இருந்த ஒரே சான்று அதுதான். அந்தத் தோழி முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை. மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டான். அட்டையை எனக்குக் காட்டினார், படம் எடுக்க அனுமதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

தெரிந்திருப்பதன் பாரம்

போருக்கு வெளியேயும் இந்த 'நிமிசம் எண்ணிக்கொண்டு கிடந்தன்' என்பதன் சாயலை நான் கேட்டேன். பிரசவ அறையில் கடமையாற்றும் ஒருவர், தான் வேலை செய்யும் விடுதியிலேயே முதல் பிள்ளையைப் பெற்றார். கருவியில் பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கி ஏறும்போது மற்றத் தாய்மாருக்கு அது ஒரு சத்தம். அவருக்கு அது எண். "120, 110, 96 எண்டு காதுக்குள்ள போகுது. அதை நிப்பாட்டி விடுங்கோ எண்டு கத்தினன். பிறகு நிப்பாட்டாதேங்கோ எண்டும் கத்தினன்."

அவர் இன்னொன்றும் சொன்னார். சொல்ல முன்னர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானும் முந்தித் தாய்மாரைப் பேசியிருக்கிறன். சத்தம் போடாதை, பக்கத்தில ஆக்கள் இல்லையே எண்டு. என்ர நோவு வரேக்க நான் போட்ட சத்தம் வாசல் காவலாளிக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் என்னைப் பேசேல்ல. ஏனெண்டா நான் ஸ்டாப்."

பிரசவ அறையில் ஏச்சு வாங்கிய அனுபவம் எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு உண்டு என்று இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அது எல்லா வைத்தியசாலைக்கும், எல்லா உத்தியோகத்தருக்கும் பொதுவானதும் அல்ல. பிரசவத்தின்போது நம்பிக்கையான ஒரு பெண் துணையாக நிற்கலாம் என்பதைச் சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் ஊக்குவிக்கிறது. கட்டில்களுக்கு இடையில் திரைச்சீலை கூட இல்லாத விடுதியில் அதை எப்படி நடத்துவது என்பதுதான் சிக்கல். தனக்குக் கிடைத்த மரியாதையை அடுத்த கட்டிலில் கிடந்தவர் பெறவில்லை என்பதைப் பார்த்த பிறகு, இவர் 'சத்தம் போடாதை' என்ற சொல்லை விட்டுவிட்டார். கூட வேலை செய்பவர்கள் அதற்காக இவரைப் பகிடி பண்ணுவார்களாம்.

மட்டக்களப்பில் சந்தித்தவரின் கதை இதைவிடக் கனமானது. 28 வாரங்களுக்குப் பிறகு பிள்ளையின் துடிப்பை எண்ணச் சொல்லித் தாய்மாருக்குக் கற்றுக்கொடுப்பது அவருடைய அன்றாட வேலை. காலையில் எண்ணத் தொடங்கினால் 12 மணித்தியாலத்துக்குள் குறைந்தது 10 துடிப்புத் தெரிய வேண்டும். குறைந்தால், அல்லது வழமைக்கு மாறாக இருந்தால், விடியட்டும் என்று பார்த்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அவருடைய 33ஆம் வாரத்தில் ஒரு கிளினிக் நாள். பிள்ளைகளை நிறுத்து, புத்தகத்தில் கோடு கீறி, ஊசிக்கு அனுப்பி, பின்னேரம் வீடு திரும்பிக் கதிரையில் இருந்தபோதுதான் காலையிலிருந்து தன் பிள்ளை அசையவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அன்றிரவு வைத்தியசாலையில் துடிப்புக் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். திரும்பிய முதல் வாரம் மூன்று பிறந்த வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு வீட்டில், பிள்ளையைக் காட்டாமல் 'நித்திரை' என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் பேத்தியார் நேரே கேட்டார், வேறு மிஸி ஒராள் வர மாட்டாவா என்று. கண்ணூறு, துடக்கு, கைராசி என்று எங்கள் ஊர்களில் ஓடுகிற பேச்சு, பிள்ளையை இழந்த எந்தப் பெண்ணையும் விடாது. அந்தப் பேச்சுக்குள்தான் இவர் தராசைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பிரசவத்துக்குப் பின்னான மன அழுத்தத்தைக் கண்டறிய 'எடின்பரோ அளவுகோல்' என்ற 10 வினாக்கள் கொண்ட படிவம் உண்டு. தாய்மாரிடம் அதைக் கேட்டு நிரப்புவது மருத்துவமாதுக்களின் பொறுப்பு. இவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஒருநாள் இரவு தானே நிரப்பிப் பார்த்திருக்கிறார். "எனக்கு வந்த புள்ளி வேறொரு தாய்க்கு வந்திருந்தா அண்டைக்கே டொக்டருக்கு அறிவிச்சிருப்பன். என்ட தாளைக் கிழிச்சி அடுப்புக்குள்ள போட்டுட்டன்" என்றார். பிறகு, பயிற்சிக் காலத்தில் கூடப் படித்த ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லி அழுதிருக்கிறார். அவர்தான் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், வேறு மாவட்டத்துக்கு, தெரிந்த முகங்கள் இல்லாத இடத்துக்கு.

பிள்ளை இல்லாதவரின் நிலை இன்னொரு விதம். ஒவ்வொரு பிரிவிலும் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு ஒன்று இருக்கும். திருமணமான தம்பதிகள், பிள்ளைகள், கருத்தடை முறை, பிள்ளைப்பேறு தாமதம் எல்லாம் அதில் பதியப்படும். திருமணமாகி ஏழு வருடமான ஒருவர், சொந்தப் பிரிவின் பதிவேட்டில் தன் குடும்பத்தைத் தானே அந்தக் கடைசி வகைக்குள் எழுதியிருக்கிறார். வீடுகளில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "மிஸிக்கு எத்தினை பிள்ளையள்?" சொந்த அனுபவம் இல்லாதவரிடம் என்ன கேட்பது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதைவிட வேறொரு காரணமும் உண்டு என்று நான் நினைக்கிறேன். 2013இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்குப் போதிய விளக்கமின்றி, அழுத்தம் கொடுத்துத் தோலடிக் கருத்தடைக் குச்சி ஏற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்ததை வடக்கில் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு, ஒரு முறையைப் பற்றி மருத்துவமாது சொன்னால், "நீங்கள் அதைப் பாவிக்கிறியளோ?" என்று பெண்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அவருடைய சொந்த உடல் ஒரு அத்தாட்சிப் பத்திரமாகிவிட்டது. கேட்பது நியாயம்தான். அதற்குத் தன் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டிய நிலையும் சுகமானது அல்ல.

ஆறு மாதமும் 84 நாட்களும்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம் என்பது மருத்துவமாது வாயால் அதிகம் சொல்லப்படும் வசனமாக இருக்கும். அரச உத்தியோகத்தருக்கு முழுச் சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, அரச விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு மாதம். அதற்கு மேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்தில், இன்னும் 84 நாட்கள் சம்பளமின்றி எடுக்கலாம். விதி இருக்கிறது. ஆனால் வீட்டுக் கடனும் ஸ்கூட்டி லீசிங்கும் உள்ளவருக்கு அரைச் சம்பளம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நான் கேட்டவர்களில் அரைச் சம்பள விடுமுறையை முழுதாக எடுத்தவர் ஒருவர் மட்டுமே, அவருடைய கணவர் வெளிநாட்டில்.

மற்றவர்கள் நான்காம் மாத முடிவில் பாலைக் கறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒருவர் கிளினிக் இடைவேளையில், ஊசிமருந்துக் குளிர்பெட்டி இருந்த அறையைப் பூட்டிவிட்டு ஒரு கோப்பைக்குள் பால் கறந்து ஊற்றியதாகச் சொன்னார். அந்தக் குளிர்பெட்டிக்குள் தடுப்பூசியைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. அந்த விதியை அவரும் மீறவில்லை, பாலை நிலத்தில் ஊற்றினார். வெளியே வரிசையில் இருந்த தாய்மாருக்கு அன்றைய சுகாதாரக் கல்வித் தலைப்பு தாய்ப்பாலூட்டல்.

2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் கர்ப்பமாக இருந்த ஒருவர், ஏழாம் மாதம் வரை சைக்கிளில் பிரிவுக்குள் போனார். அந்த வருடம் திரிபோஷாவும் ஒழுங்காக வரவில்லை. வெறும் கையோடு போக வெட்கமாக இருந்ததாம். சில வீடுகளில் தாய்மாரே இவருக்கு முட்டை அவித்து வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளே அதிகாரம் வேறு ஆட்களிடம். காயச்சரக்கு, வேது தண்ணீர், தண்ணீர் குடிக்க விடாத பத்தியம் எல்லாவற்றையும் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொடுப்பவர், தன் பிள்ளைப்பேற்றில் மாமியாரிடம் வாயே திறக்கவில்லை என்று ஏழு பேரில் மூன்று பேர் சொன்னார்கள். சரக்குத் தண்ணியில் பெரிய பிழை ஒன்றும் இல்லை, அதைக் குடித்தோம், களவாகப் பச்சைத் தண்ணியும் குடித்தோம் என்று சிரித்தார் ஒருவர். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

நான் போன ஒரு பணிமனையில் மட்டும் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். மேலிருந்து சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. மாதாந்தக் கூட்டத்தில், தங்களுக்குள் யாராவது கர்ப்பமுற்றால் அவரைப் பதிவதும் வீட்டுக்குப் போவதும் யார் என்று பெயர் சொல்லி ஒதுக்கிக் கொண்டார்கள். சொந்த அட்டையைச் சொந்தக் கையால் எழுதக் கூடாது என்பதும், அந்தப் பத்து வினாக்களை வேறொருவர்தான் கேட்க வேண்டும் என்பதும் அவர்கள் போட்ட விதி. மேற்பார்வை செய்யும் மூத்தவர் அந்தப் பெயர்களைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மற்றப் பணிமனைகளும் இதைச் செய்யப் பணமோ பாராளுமன்றமோ தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். வெற்றிடங்களை நிரப்புவதற்குத்தான் அவை தேவை.

அங்கே அப்படிப் பதியப்பட்ட முதலாமவரின் வீட்டில் நான் இருந்தபோது மூன்றாவது பார்வைக்கு அவருடைய சக ஊழியர் வந்தார். தேத்தண்ணி வேண்டாம், முதல் பிள்ளையை நிறுக்க வேண்டும் என்றார். 3 கிலோ 600. தையல் இடத்தைப் பார்க்க அறைக்கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருந்து, "உண்மையைச் சொல்லும், இரவில நித்திரை வருதோ?" என்று கேட்பது வெளியே கேட்டது. பதில் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத்தான் இருவரும் வெளியே வந்தார்கள். விடுமுறை முடிய இன்னும் 70 வேலை நாட்கள் இருந்தன. முற்றத்தில் நின்ற ஸ்கூட்டியின் பற்றரி இறங்கிப் போயிருந்தது, அதைக் கழற்றிக்கொண்டு கணவர் சந்திக்குப் போயிருந்தார்.